வீடுகளுக்குக் குறை சொன்ன ராவுத்தர்

சுவரை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார். காதைக் கிட்டே கொண்டுபோய் வைப்பார். உள்ளேயிருந்து யாரோ கெட்ட சேதி சொன்ன மாதிரி முகத்தைச் சுளிப்பார். பிறகு, வீடு பார்க்க வந்தவர்களிடம், "உள்ளுக்குள்ள ஈரமுங்க. வெளிய தெரியாது. ஆடி மாசம் வந்து பாருங்க, விரிச்ச பாயி நனைஞ்சு கெடக்கும்" என்பார். பக்கத்தில் நிற்கும் வீட்டுக்காரர் பல்லைக் கடிப்பார். கடித்து என்ன செய்ய? சொல்கிற ஆள் அவரே கூலி பேசிக் கூட்டிவந்து சுண்ணாம்பு அடிக்கவிட்ட ஆள். சுவரைப் பற்றி அவருக்குத் தெரியாதது வேறு யாருக்குத் தெரியும் என்று வந்தவர்கள் நம்பிவிடுவார்கள்.

பாலக்காடு அப்போது மதராஸ் ராஜ்யத்தோடு இருந்தது. ஒலவக்கோட்டில் ரயில் ஜங்ஷனை நம்பி ஜனங்கள் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். சுமை தூக்குகிறவர்கள், பஸ் ஷெட்டில் வேலை செய்கிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள் என்று எல்லோருக்கும் வீடு வேண்டும். எல்லோரிடமும் காசு குறைவு. இருந்ததோ வரிசையாக ஓடு போட்டுக் கட்டிய லைன் வீடுகள்தான். அந்த வீடுகள் அத்தனைக்கும் சுண்ணாம்பு அடித்தவர் இந்த ராவுத்தர். சின்னதாக ஒரு சுண்ணாம்புக் கடையும் வைத்திருந்தார். பெயர் எனக்குத் தெரியாது. எல்லோரும் ராவுத்தரே என்று கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். கண் எப்போதும் சிவந்திருக்கும். கை சுண்ணாம்பில் வெந்து வெடித்திருக்கும். அதில் தேங்காயெண்ணெய் தடவியிருப்பார். இனிக்கப் பேசத் தெரியாத மனிதர்.

ஒருவர் வீட்டைக் காலி செய்யப்போகிறார் என்றால் வீட்டுக்காரர் முதலில் சொல்லி அனுப்புவது சுண்ணாம்பு அடிக்கிறவருக்குத்தான். ஆகவே எந்த வீடு காலியாகிறது என்பது ஊரில் அவருக்குத்தான் முதலில் தெரியும். ஒரு நாள் வேலையை நாலு நாளாக்குவார். கேட்டால், "மொதப் பூச்சு காயலீங்க" என்பார். அந்த நாலு நாளில், கூட வாடகை தரத் தயாராக வருகிறவர்களை எல்லாம் குறை சொல்லியே விரட்டுவார். ஐந்தாம் நாள் வீட்டுக்காரர் சோர்ந்து உட்கார்ந்திருக்கும்போது, கந்தல் மூட்டையும் இரண்டு பிள்ளைகளுமாக ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்துவார். பழைய வாடகைக்கே வீடு படிந்துவிடும்.

யாருக்கு எந்தக் குறை என்பதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. பென்ஷன் வாங்குகிற பெரியவர் என்றால், இந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்து முன்னால் இருந்தவருக்கு முட்டி மடங்காமல் போய்விட்டது என்பார். புதிதாகக் கல்யாணமானவர்கள் என்றால், நடுச்சுவர் மெலிசு, பக்கத்து வீட்டில் மூச்சு விட்டால்கூடக் கேட்கும் என்பார். அவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் தெருவில் இறங்கிவிடுவார்கள். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் வந்தபோது நானே பக்கத்தில் இருந்தேன். வீடு நல்ல வீடு. ராவுத்தர் மட்டையைச் சுண்ணாம்பில் முக்கிக்கொண்டே, "ராசியான ஊடுதானுங்க. இதுக்கு முன்னால மூணு பேரு இருந்தாங்க. மூணு பேருக்கும் ஆறு மாசத்துல மாத்தலாயிருச்சு" என்றார்.

"எங்கே மாத்தினாங்க?" என்று கேட்டார் குமாஸ்தா.

"அட்டப்பாடிக் காட்டுக்குங்க."

குமாஸ்தா செருப்பை மாட்டிக்கொண்டார்.

இத்தனைக்கும் இதில் அவருக்கு ஒரு காசு கிடையாது. வீடு கிடைத்தவர்கள் ஏதாவது கொடுத்தால் எரிந்து விழுவார். நான் ஒரு தடவை கொல்லங்கோட்டிலிருந்து வந்த மாங்காயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இதக் கடிக்க நான் புதுசாப் பல்லு வாங்கோணும்" என்று கூடையைத் திருப்பித் தள்ளினார். எங்களைப் போன்றவர்களிடமாவது வீட்டைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வாரா என்றால் அதுவும் இல்லை. "இருக்கலாம்" என்பார். அதோடு சரி.

நாங்கள் அவரைத் தேடிப் போனபோது எனக்கு ஏழாம் மாதம். தலைப்பிள்ளை. என் அம்மா நான் பாவாடை கட்டும் வயதிலேயே போய்விட்டதால் பிரசவத்துக்குப் போகத் தாய் வீடு கிடையாது. கொல்லங்கோட்டில் மாமியார் வீட்டிலோ ஓரகத்தியும் மாசமாக இருந்தாள். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பிரசவம் ஆகாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் ஓரகத்திக்கு அவள் அம்மா வருவது, எனக்கு மாமியார் ஒலவக்கோட்டுக்கு வருவது என்று பேச்சு. வருகிறவரை எங்கே உட்கார வைப்பது? என் வீட்டுக்காரர் பஸ் ஷெட்டில் ஃபிட்டர். கூட வேலை செய்கிறவரின் வீட்டில், சாக்குப் படுதா கட்டிப் பிரித்த ஒரு அறையில் இருந்தோம். அந்த வீட்டின் சொந்தக்காரர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு மாதக் கடைசிக்குள் போய்விடும்படி சொல்லிவிட்டார்.

வாடகைக்கு விடுகிறவர்கள் அந்தக் காலத்தில் சாதி கேட்பார்கள், வேலை கேட்பார்கள், கறி சமைப்பீர்களா என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் சொல்லிச் சமாளிக்கலாம். வயிற்றுக்கு என்ன பதில் சொல்வது? பிள்ளை பிறந்தால் தீட்டு, பிறக்காமல் வேறு மாதிரி ஆனால் வீட்டுக்கே கெட்ட பேர், ஏன் வம்பு என்று நினைத்தார்கள். கதவைத் திறக்கிற அம்மாவின் பார்வை நேராக என் வயிற்றில் வந்து நிற்கும். ஒரு வீட்டில், "பெத்துட்டு வா, அப்புறம் பாக்கலாம்" என்றே சொன்னார்கள். எங்கே போய்ப் பெற்றுவிட்டு வருவது என்று கேட்க எனக்கு அப்போது வாய் வரவில்லை. இப்போதென்றால் கேட்டிருப்பேன்.

ராவுத்தர் எங்களைப் பார்த்தார். எத்தனை மாதம் என்று என்னிடம் கேட்கவில்லை, என் வீட்டுக்காரரிடம் கேட்டார். சொன்னதும், "ஒரு ஊடு இருக்குது. கொஞ்சம் பொறுங்க" என்றார்.

அது எண்ணெய்க்கடைக்காரர் ஒருவருக்குச் சொந்தமான ஐந்து வீட்டு லைனில் கடைசி வீடு. இரண்டு அறை, அடுப்படி, பின்னால் விறகு போட ஒரு சின்ன அறை, பத்தடியில் கிணறு. எங்கள் வரும்படிக்கு எட்டாத வீடு. பேங்க் உத்தியோகஸ்தர்கள் போட்டிபோட்டுக் கேட்ட வீடு. அந்த வீட்டுக்கு ஈரம், முட்டிவலி, மாற்றல் எல்லாம் போதாது என்று ராவுத்தருக்குத் தெரியும். அதற்கு அவர் கனமான ஒன்றை எடுத்தார். அந்த வீட்டில் ஒரு பெண் பிரசவத்தில் செத்துப்போனாள் என்று சொன்னார்.

எப்படிச் சொன்னார் தெரியுமா? மற்றக் குறைகளை எல்லாம் வேலையைப் பார்த்துக்கொண்டே போகிற போக்கில் சொல்வார். இதைச் சொல்லும்போது மட்டையைக் கீழே வைத்துவிடுவார். விடாத மழை, ஆற்றில் தண்ணீர் ஏறி மருத்துவச்சி அக்கரையில் மாட்டிக்கொண்டாள், விட்டத்தில் கயிறு கட்டிக் கையில் கொடுத்தார்கள், அந்தப் பெண் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு சத்தம் போடாமல் கிடந்தாள், பொழுது சாயும்போது போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது. இவ்வளவுதான். ஒரு சொல் கூடாது, குறையாது. கேட்ட பேங்க்காரரின் மனைவி அங்கேயே புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்து வந்தவர்களும் போனார்கள். கதை லைன் முழுவதும் பரவி, வீடு மூணு வாரம் பூட்டிக் கிடந்தது. எண்ணெய்க்கடைக்காரர் அந்த லைனை வாங்கிப் புதுக் குடித்தனங்களை வைத்து அதிக நாள் ஆகவில்லை, தனக்கு முன்னால் அங்கே என்ன நடந்ததோ என்று அவருமே நம்பிவிட்டார்.

இதில் ராவுத்தர் இன்னொரு வேலையும் செய்திருந்தார். கெட்ட பேர் விழுந்த வீட்டில் ஒரு பிரசவம் நல்லபடியாக நடந்தால் பேர் திரும்பும் என்று எண்ணெய்க்கடைக்காரர் காதில் போட்டு வைத்திருந்தார். ஊரெல்லாம் வயிற்றைப் பார்த்துக் கதவைச் சாத்த, எண்ணெய்க்கடைக்காரர் ஒருவர் மட்டும் மாசமான பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். வாடகையும் இறங்கியது. எங்களுக்குக் கட்டுப்படியாகிற அளவுக்கு இறங்கியது. வீட்டுக்காரர் மனசு, பேங்க்காரர் மனசு எல்லாவற்றையும் ராவுத்தர் சரியாகத்தான் போட்டிருந்தார். கொல்லங்கோட்டிலிருந்து வரப்போகும் என் மாமியாரை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

மாமியார் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். நேராக வீட்டைப் பார்க்கப் போனோம். எண்ணெய்க்கடைக்காரர் சாவியோடு நின்றார். ராவுத்தரும் இருந்தார். மாமியார் காலைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று கிணற்றடிக்குப் போனார். தண்ணீர் இறைக்க வந்த பெண்கள் நாலு பேர் அங்கே இருந்தார்கள். போனவர் திரும்பி வந்தபோது முகமே வேறாக இருந்தது. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கெளம்புங்க, போலாம்."

"எங்கம்மா போறது?" என்றார் என் வீட்டுக்காரர். "மாசம் முடிய இன்னும் மூணு நாளுதான் இருக்குது."

"ரோட்டுல வேண்ணாலும் கெடக்கலாம். என்ற மருமவ இந்த ஊட்டுக்குள்ள கால் வெக்க மாட்டா. கெணத்தடியில எல்லாத்தையுங் கேட்டுட்டன்."

எனக்குக் கால் கடுத்தது. திண்டாட்டம் பொறுக்காமல் நானும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அந்த நிமிஷம் செத்த பெண்ணைப் பற்றி எனக்கு ஒரு பயமும் இல்லை. வீடு போகிறதே என்றுதான் இருந்தது.

ராவுத்தர் எண்ணெய்க்கடைக்காரரை ஒரு பார்வை பார்த்தார். அந்த ஆள் எதிரில் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கெட்ட பேரே பொய் என்று ஆனபின் அவருக்கு மாசமான பெண் எதற்கு? நாளைக்கே பேங்க்காரரைக் கூப்பிட்டுவிடுவார். சொல்லாமல் விட்டால் மாமியார் எழுந்திருக்க மாட்டார். ராவுத்தர் மாமியார் பக்கம் திரும்பினார்.

"அது நாஞ் சொன்ன பொய்யிங்கம்மா" என்றார். "இந்த ஊட்டுல யாரும் சாவலீங்க."

எண்ணெய்க்கடைக்காரர் திரும்பினார். "என்ன சொன்னீங்க?"

"பொய்யின்னு சொன்னேன்."

மாமியார் நம்பவில்லை. "ராவுத்தரே, ஊட்டுக்கு ஆள் வேணும்னு இப்ப மாத்திப் பேசறீங்க. நீங்க சொன்னத நாலு பொம்பளைங்க எங்கிட்டச் சொன்னாளுக. நாலு பேருஞ் சொன்னதுல ஒரு வார்த்த மாறல. கட்டிவுட்ட கதைன்னா ஆளுக்கொரு மாதிரியில்ல இருக்கும்? அந்தப் புள்ள முந்தானையக் கடிச்சுட்டுக் கெடந்துதுன்னு எப்படிங்க தெரியும் உங்களுக்கு?"

கிணற்றடிப் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்தபடியே கிட்டே வந்துவிட்டார்கள்.

"நடந்ததுதானுங்க" என்றார் ராவுத்தர். "இங்க நடக்கல."

"பொறவு எங்க?"

"சந்தப்பேட்டையில. வண்டி அவுத்து வுடற கொட்டாயில."

"யாரு அது?"

"என்ற ஊட்டுக்காரிங்க."

மாமியார் முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"குடியிருந்த எடத்துல புள்ளப்பேறு இங்க வேண்டாம்னுட்டாங்க" என்றார் ராவுத்தர். குரலில் ஏற்ற இறக்கம் ஒன்றும் இல்லை, சுவரில் ஈரம் என்று சொல்கிற அதே குரல். "மழன்னு அவளக் கொட்டாயில உக்கார வெச்சுட்டு நான் ஊடு பாக்கப் போனேன். நாலு ஊட்டுல இல்லைன்னாங்க. அஞ்சாவது ஊட்டுல செரின்னாங்க. சாவிய வாங்கிட்டுத்தானுங்க வந்தேன். வண்டிக்காரரு சம்சாரந்தான் கூட இருந்திருக்குது. அது சொல்லித்தான் எனக்கே இதெல்லாந் தெரியும்."

எனக்கு வயிற்றில் பிள்ளை புரண்டது. மாமியார்தான் முதலில் எழுந்தார். எண்ணெய்க்கடைக்காரர் முன்னால் போய்க் கையை நீட்டி, "ஊட்டுக்காரரே, சாவியக் குடுங்க" என்றார்.

அத்தனை பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் என்ன செய்வார், கொடுத்துவிட்டார். பேசின வாடகைதான் என்றும் ஒத்துக்கொண்டார். ஆனால் எங்கள் குடும்பத்து ஆட்களைத் தவிர வேறு யாரும் அங்கே தங்கக்கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டார். பிறகு ராவுத்தர் பக்கம் பார்க்காமலே, "இனிமேல் என்ற கட்டடத்துக்கு வேலைக்கு வர வேண்டாங்க" என்றார். ராவுத்தர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

எனக்குப் பெண் பிறந்தது. ஒரு சிக்கலும் இல்லை. மாமியார் ராவுத்தருக்கு ஆள் மூலம் சர்க்கரை கொடுத்துவிட்டார், அதை மட்டும் அவர் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளை பிறந்து ஒன்றரை மாதம் இருந்துவிட்டு மாமியார் ஊருக்குப் போனார்.

அதற்குள் விஷயம் ஒலவக்கோடு முழுக்கப் பரவிவிட்டது. மனைவி செத்த கதையை அல்ல, ராவுத்தர் வாடகையை இறக்கப் பொய் சொல்கிறார் என்ற கதையைத்தான் வீட்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொருவராக வேறு ஆளை வைத்துச் சுண்ணாம்பு அடித்தார்கள். வேலை போனதோடு எந்த வீடு காலி என்கிற சேதியும் அவருக்கு வராமல் போயிற்று. எங்கேயாவது காதில் விழுந்து அவராகப் போய்ச் சுவரைத் தட்டினால், "என்ன ராவுத்தரே, அட்டப்பாடிக்கு மாத்தலா?" என்று வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். வந்தவர்களும் சேர்ந்து சிரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்தார்கள். லைன் வீடுகளில் வாடகை ஏறியது. எங்களுக்கு மட்டும் பேசின வாடகையே நின்றது.

என் பெண்ணுக்குக் குப்புற விழத் தெரிந்த சமயம். ஒரு மத்தியானம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபது வயது இருக்காது. நிறைமாதம். கொஞ்சம் தள்ளி வேலியோரமாக ராவுத்தர் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டேன், வரவில்லை.

"அக்கா, ராவுத்தர் கூட்டிட்டு வந்தாருங்க" என்றாள் அந்தப் பெண். அவள் புருஷன் ரயில் கூட்ஸ் ஷெட்டில் சுமை தூக்குகிறவன். குடியிருந்த இடத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். "பின்னால வெறகு போடற ரூம்பு இருக்குதுன்னு சொன்னாருங்க. ஒரு மாசம். புள்ள பொறந்து எந்திரிச்சதும் போயிருவேன். வெறகையும் நானே எடுத்து அடுக்கிக்கறேன்."

நான் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டேன். "அவரு வேலைக்குப் போயிருக்காரு" என்றேன்.

"பொழுதோட வரட்டுங்களாக்கா?"

"அவரு ஒத்துக்க மாட்டாரு. ஊட்டுக்காரரு வெளியாளுக யாரையும் வெக்கக்கூடாதுன்னு சொல்லித்தான் ஊடு குடுத்திருக்காரு."

எண்ணெய்க்கடைக்காரர் அப்படிச் சொன்னது நிஜம். ஆனால் அவர் மாதத்துக்கு ஒரு தடவை வாசலோடு வந்து வாடகை வாங்கிக்கொண்டு போகிறவர். பின்னறையில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியப்போவதில்லை. என் வீட்டுக்காரரைக் கேட்டிருந்தால் வைத்துக்கொள் என்றுதான் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை, அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் சொல்லவில்லை. கிடைத்த வீடு கைவிட்டுப் போய்விடக்கூடாது என்ற ஒரே நினைப்புதான் எனக்கு. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், அதுதான் நடந்தது.

அந்தப் பெண் போகவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் ராவுத்தர் வேலியை விட்டு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"அடுப்படி சின்னதும்மா" என்றார் அவளிடம். "ரெண்டு பொம்பளைங்க பொழங்கப் பத்தாது. இந்த ஊடு உனக்குச் சரிப்பட்டு வராது. வா, வேற பாக்கலாம்."

அவள் அதை நம்பினாளோ என்னவோ, என்னைப் பார்த்து, "வரேங்க்கா" என்று சொல்லிவிட்டு அவர் பின்னால் நடந்தாள். அவளுக்காக அவர் மெதுவாகத்தான் நடந்தார்.

எங்கள் அடுப்படியில் நாலு பேர் தாராளமாக உட்கார்ந்து சாப்பிடலாம். அதன் நாலு சுவருக்கும் சுண்ணாம்பு அடித்தவர் அவர்தான். நாங்கள் அந்த வீட்டில் இன்னும் ஏழு வருஷம் இருந்தோம். அந்தப் பெண்ணுக்கு எங்கே பிரசவம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவில்லை.